கதவுக்கு அப்பால் இன்னொரு குடும்பம்

கேள்வி: சென்ற ஆண்டு நானும் என் கணவரும் ஏழு நாள் சொகுசுக் கப்பல் பயணம் போய்வந்தோம். எங்கள் கேபினுக்கும் பக்கத்துக் கேபினுக்கும் நடுவில் ஒரு கதவு இருந்தது. அது பூட்டித்தான் இருந்தது. ஆனாலும் அந்தப் பக்கத்துப் பேச்சு, குழந்தையின் அழுகை, விடியற்காலை அலாரம் எல்லாம் எங்கள் அறையிலேயே நடப்பதுபோல் கேட்டன. நாங்கள் பேசுவதும் அவர்களுக்கு இப்படித்தானே கேட்கும் என்று தோன்றியதிலிருந்து, மீதி நாட்களெல்லாம் கிசுகிசுத்தே பேசினோம். மூன்று மாதத்தில் மறுபடியும் போகிறோம். ஏஜென்ட் அனுப்பிய சீட்டில் மறுபடியும் ‘கனெக்டிங் கேபின்’ என்று இருக்கிறது. அனுசரித்துப் போவதா, மாற்றச் சொல்வதா? அற்ப விஷயத்துக்கு அடம்பிடிக்கிறார்கள் என்று நினைத்துவிடுவார்களோ என்று தயக்கமாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மாற்றச் சொல்லுங்கள், இந்த வாரத்திலேயே சொல்லுங்கள். புறப்பட மூன்று மாதம் இருக்கும்போது அறை எண்ணை மாற்றித் தருவது ஏஜென்ட்டுக்கு அன்றாட வேலை. அதே வகையில் அறைகள் மீதமிருக்கும்வரை, வேறொரு எண்ணைக் கேட்பதை யாரும் அடம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கப்பலில் ஏறிய பிறகு கேட்பதுதான் கடினம். அதற்குள் பெரும்பாலும் எல்லா அறைகளும் நிரம்பியிருக்கும், வரவேற்பு மேசையில் இருப்பவர் எவ்வளவு நல்ல மனம் படைத்தவரானாலும் இல்லாத அறையை அவரால் தர முடியாது.

உங்களுக்குக் கேட்டது பிரமை அல்ல. கப்பல் கேபின்களுக்கு நடுவில் இருப்பது செங்கல் சுவர் அல்ல. மெல்லிய இரும்புத் தகடுகளுக்கு நடுவே கனிமப் பஞ்சை அடைத்துச் செய்த பலகைகள். ஒல்லியாக இருந்தாலும் அவை இடைவெளி இல்லாமல் பொருந்தி நிற்பதால், சாதாரணப் பேச்சை ஓரளவுக்குத் தடுத்துவிடும். அதே சுவரில் ஒரு கதவை வைத்துவிட்டால், அடியில் உள்ள இடுக்கின் வழியாகவும், ரப்பர் பட்டை தேய்ந்துபோன ஓரங்களின் வழியாகவும் பேச்சு தாராளமாக நுழைந்துவிடுகிறது. கப்பல்களில் இரைச்சலுக்கு வரம்பு கட்டும் சர்வதேச விதித்தொகுப்பு ஒன்று 2014 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. அது பயணிகளுக்காக எழுதப்பட்டதல்ல, கப்பல் பணியாளர்களின் அறைகளுக்காக எழுதப்பட்டது. ஆனால் உங்கள் கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கிறது. இரண்டு கேபின்களுக்கு நடுவிலுள்ள சுவர் குறைந்தது 35 டெசிபல் அளவுக்கு ஒலியைத் தடுக்க வேண்டும் என்று சொல்லும் அந்த விதி, நடுவில் இணைப்புக் கதவு இருந்தால் 30 டெசிபல் போதும் என்று விட்டுக்கொடுக்கிறது. ஐந்து டெசிபல்தானே என்று தோன்றலாம். ஒலியாற்றல் கணக்கில் அது ஏறக்குறைய மூன்று மடங்கு. கதவு வைத்தால் தடுப்பு பலவீனப்படும் என்பதை விதி எழுதியவர்களே ஒப்புக்கொண்டிருக்கும்போது, நீங்கள் தயங்குவதற்கு என்ன இருக்கிறது?

நானும் ஒருமுறை இப்படிப்பட்ட அறையில் ஐந்து இரவுகள் தங்கியிருக்கிறேன். விளக்கை அணைத்துப் படுத்ததும், கதவின் அடியில் ஒரு மெல்லிய கோடாக அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது. யாரோ நடக்கும்போது அந்தக் கோட்டில் இரண்டு கால்களின் நிழல் வந்து நின்று, பிறகு விலகியது. பெட்டியின் ஜிப்பை இழுக்கும் சத்தம் என் தலைமாட்டிலிருந்து வருவதுபோல் இருந்தது. நடுநிசியில் கப்பல் லேசாக ஆடத் தொடங்கியபோது, பூட்டிய கதவே சட்டத்துக்குள் ‘டக் டக்’ என்று அடித்துக்கொண்டது. மறுநாள் சொன்னதும், அறையைப் பராமரிக்கும் பணியாளர் ஒரு துணியை மடித்துக் கதவின் இடுக்கில் செருகினார்; கதவு அடித்துக்கொள்வது நின்றது, ஆனால் பேச்சு நிற்கவில்லை. அந்தப் பக்கம் இருந்தது ஒரு முதிய தம்பதி. அவர்கள் உரக்கப் பேசியவர்கள் அல்ல, கதவுதான் அவர்களை என் அறைக்குள் கொண்டுவந்தது. அதனால்தான் பக்கத்து அறைக்காரர்களிடம் கோபப்படுவதில் பயனில்லை என்று எண்ணுகிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது அழுகையோ அலாரமோ அல்ல, நீங்கள் இருவரும் கிசுகிசுத்துப் பேசியதுதான். தூக்கம் கெட்டால் மதியம் ஒரு மணி நேரம் படுத்து ஈடுகட்டிவிடலாம். கணவனும் மனைவியும் தங்கள் அறைக்குள்ளேயே குரலைத் தாழ்த்தி, சிரிப்பை அடக்கி, ஒரு சிறு மனத்தாங்கலைக்கூடப் பேசித் தீர்க்காமல் தள்ளிப்போட்டபடி வாழ்ந்த நாட்களை எதைக் கொண்டும் ஈடுகட்ட முடியாது. அன்றைக்கு உங்கள் பேச்சு அவர்களுக்குக் கேட்டிருந்தாலும் அதில் நீங்கள் கூச்சப்பட ஒன்றுமில்லை. அவர்களும் உங்களைப்போலவே சங்கடப்பட்டிருப்பார்கள். இந்தக் காரணத்தை ஏஜென்ட்டிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ‘இணைப்புக் கதவு இல்லாத அறை வேண்டும்’ என்றால் போதும்.

அவர் தரும் புதிய எண்ணை அப்படியே ஒப்புக்கொள்ளாமல், கப்பலின் டெக் வரைபடத்தை நீங்களே பாருங்கள். இணைப்புக் கதவுள்ள அறைகளுக்கு நடுவே பெரும்பாலும் ஒரு சிறு அம்புக்குறியோ முக்கோணமோ போட்டிருப்பார்கள். குறிகளின் விளக்கம் வரைபடத்தின் ஓரத்தில் இருக்கும். உங்கள் அறையின் இரண்டு பக்கமும் அந்தக் குறி இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு மேல் தளத்தையும் கீழ்த் தளத்தையும் பாருங்கள். தலைக்கு மேல் நீச்சல்குளத் தளம் இருந்தால், விடிவதற்குள் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்கும். காலடியில் அரங்கமோ நடனக்கூடமோ இருந்தால் நள்ளிரவுவரை தாளம் அதிரும். கப்பலின் மூக்குப் பகுதியில் கீழ்த் தளங்களில் இருந்தால், துறைமுகத்தில் அணையும் அதிகாலையில் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் உந்திகளின் அதிர்வு எழுப்பிவிடும். மேலும் கீழும் அறைகளே இருக்கும் தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில், லிஃப்ட்டுக்கு நாலைந்து அறை தள்ளிக் கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை.

கட்டணம் குறைகிறது என்பதற்காக, அறை எண்ணை நிறுவனமே பின்னால் ஒதுக்கும் ‘கேரன்டி’ வகைக்கு மட்டும் மாறிவிடாதீர்கள். மற்றவர்கள் தேர்ந்தெடுத்தது போக மீதமிருப்பதே உங்களுக்கு வரும், அது கதவு வைத்த அறையாகவும் இருக்கக்கூடும். இன்னொன்று: இணைப்புக் கதவுள்ள அறைகளைக் குழந்தைகளோடு வரும் குடும்பங்களே விரும்பி எடுப்பதால், அப்படிப்பட்ட அறைக்குப் பக்கத்தில் சின்னக் குழந்தை இருப்பதற்கான வாய்ப்பும் அதிகம். வயதான பெற்றோரையோ பிள்ளைகளையோ அழைத்துப்போய் இரண்டு அறைகளையும் உங்கள் குடும்பமே எடுத்துக்கொள்ளும் நாளில், இதே கதவு உங்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒருவேளை எவ்வளவு கேட்டும் வேறு அறை கிடைக்காவிட்டால், கதவு ஒற்றையா, ஒன்றன்பின் ஒன்றாக இரட்டையா என்று ஏஜென்ட் வழியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நடுவில் காற்றிடைவெளி விட்ட இரட்டைக் கதவு என்றால் பாதிக் கவலை குறையும். அறைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக அந்தக் கதவை இழுத்துப் பார்த்து, உங்கள் பக்கத்துத் தாழ்ப்பாள் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே பணியாளரை அழையுங்கள். பெரிய துண்டு ஒன்றைச் சுருட்டி இணைப்புக் கதவின் அடியிடுக்கில் அழுத்தி வைத்தால் ஒலியும் வெளிச்சமும் கணிசமாகக் குறையும். நடைவழிக் கதவின் அடியில் மட்டும் எதையும் அடைக்காதீர்கள், அறைக்குக் காற்றோட்டம் அந்த வழியாகவும் இருக்கலாம். குளிர்சாதனத்தின் காற்றைச் சற்று அதிகமாக வைத்துக்கொள்ளுங்கள். அறை எவ்வளவு நிசப்தமாக இருக்கிறதோ அவ்வளவு தெளிவாகப் பக்கத்துச் சொற்கள் புரியும். சீரான ஓர் இரைச்சல் இருந்தால் அவை வெறும் முணுமுணுப்பாகிவிடும், உங்கள் பேச்சும் அவர்களுக்கு அப்படியே ஆகிவிடும். மழைச் சத்தம் போன்ற ஒலிப்பதிவை வீட்டிலேயே கைபேசியில் இறக்கி வைத்துக்கொண்டால், நடுக்கடலில் இணையத்தை நம்பியிருக்க வேண்டாம்.

காதடைப்பான் வைத்துக்கொண்டால் அபாய ஒலி கேட்காமல் போய்விடுமோ என்று சிலர் பயப்படுவதுண்டு. படுக்கையில் படுத்திருப்பவருக்குக் குறைந்தது 75 டெசிபல் அளவில் கேட்கும்படி அந்த ஒலி அமைந்திருக்க வேண்டும் என்பது விதி. பஞ்சு வகைக் காதடைப்பானையும் தாண்டி அது எட்டும். ஏழு குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி என்ற அந்த வரிசையை முதல் நாள் பயிற்சியில் இருவரும் காதடைப்பான் இல்லாமல் கவனமாகக் கேட்டு மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

இரவில் சத்தம் பொறுக்க முடியாமல் போனால் கதவைத் தட்டிச் சண்டைக்குப் போக வேண்டாம், நீங்கள் யார் என்று காட்டிக்கொள்ளவும் வேண்டாம். தொலைபேசியில் வரவேற்பு மேசையை அழைத்து, சத்தம் வரும் அறையின் எண்ணைச் சொல்லுங்கள், ஆளனுப்பி அமைதியாகப் பேசச் சொல்வது அவர்கள் பொறுப்பு. பால்கனியில் உட்கார்ந்து பேசும்போதும், நடுவிலுள்ள தடுப்புக்கு மேலேயும் கீழேயும் பல கப்பல்களில் இடைவெளி இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏஜென்ட்டுக்கு எழுதும் கடிதத்தில், கதவில்லாத அறை என்பதோடு, ‘எங்களைக் கேட்காமல் பின்னால் வேறு அறைக்கு மாற்றக் கூடாது’ என்பதையும் சேர்த்துவிடுங்கள். மேம்பட்ட வகை அறை தருகிறோம் என்று சொல்லிப் புறப்படும் சமயத்தில் எண்ணை மாற்றும் வழக்கம் உண்டு, அந்தப் புதிய எண்ணுக்குப் பக்கத்திலும் அம்புக்குறி இருக்கலாம்.