மொட்டைமாடி டிஷ்ஷில் கேட்கும் துடிப்பு கருந்துளையுடையதா?

கேள்வி: பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு மீட்டர் டிஷ், ஒரு எல்.என்.ஏ. (இரைச்சல் குறைந்த பெருக்கி), கணினியில் செருகும் ரேடியோ ஏற்பியான ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். டாங்கிள் ஆகியவற்றை வைத்து மொட்டைமாடியில் சின்ன ரேடியோ தொலைநோக்கி ஒன்று கட்டியிருக்கிறேன். துணை விண்மீனை உறிஞ்சிக்கொண்டிருக்கும் ஜி.ஆர்.எஸ். 1915+105 என்ற கருந்துளையிலிருந்து நொடிக்கு ஐந்து முறை துடிக்கும் ரேடியோ அலை வந்ததாகப் படித்தேன். அந்தத் திசையில் டிஷ்ஷைத் திருப்பினால், 1,420 மெகாஹெர்ட்ஸ் அருகே நொடிக்கு நான்கைந்து தடவை ஏறி இறங்கும் துடிப்பு தெரிகிறது. இது அதுதானா? இல்லையென்றால் அதை நான் பார்க்க வழி உண்டா?
– கும்பகோணத்திலிருந்து ஒரு மாணவி

பதில்: நீங்கள் பிடித்தது கருந்துளையின் துடிப்பு இல்லை. ஆனால் அதைப் பார்க்க வழி உண்டு. இரண்டையும் விளக்குகிறேன்.

இடம் என்று பார்த்தால் உங்களுக்கு வாய்த்ததுபோல் பலருக்கு வாய்க்காது. அந்தக் கருந்துளையின் பெயரில் உள்ள 1915 அதன் வல ஏற்றம் (வானத்தின் தீர்க்கரேகை போன்றது), அதாவது 19 மணி 15 நிமிடம். வான நடுவரையிலிருந்து வடக்கே 11 பாகைக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது. கும்பகோணத்தின் அட்சரேகையும் ஏறக்குறைய அதுவே. எனவே நாள்தோறும் ஒரு தடவை அது உங்கள் தலைக்கு நேர் மேலே கடந்து போகிறது. ஜூலை மாதத்தில் நள்ளிரவை ஒட்டி உச்சிக்கு வரும். திருவோண நட்சத்திரத்தைக் கண்டுபிடித்து, அதிலிருந்து மேற்கே ஒன்பது பாகை தள்ளிப் பார்த்தால் அந்த இடம்தான். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நடுவில் அவ்வளவு தூசி.

இனி கணக்கு. ரேடியோ வானியலில் ஒளிர்வை ஜான்ஸ்கி என்ற அலகில் அளக்கிறோம். அந்தக் கருந்துளை நன்றாகப் பொங்கும் நாளில் ஒரு ஜான்ஸ்கி தருகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். உங்கள் ஒரு மீட்டர் டிஷ்ஷின் பயன்படும் பரப்பு சுமார் 0.4 சதுர மீட்டர். அதில் ஒரு ஜான்ஸ்கி விழுந்தால் கருவி உணரும் வெப்பநிலை 0.00015 கெல்வின் உயரும். உங்கள் கருவியின் சொந்த இரைச்சலோ 150 கெல்வின் அளவில் இருக்கும். அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. துடிப்பு என்பது அந்த ஒளிர்விலும் ஒரு சிறு பகுதிதான். பத்தில் ஒரு பங்கு என்றே கொள்வோம். நொடிக்கு ஐந்து துடிப்பைப் பிரித்துப் பார்க்க ஒவ்வோர் அளவீட்டுக்கும் 0.1 நொடிக்கு மேல் எடுக்க முடியாது. 2 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், அந்த நேரத்துக்குள் உங்கள் இரைச்சலின் ஏற்ற இறக்கம் 0.3 கெல்வினுக்குக் குறையாது. தேடும் துடிப்பைவிட இது இருபதாயிரம் மடங்குக்கு மேல் பெரிது. துடிப்பு ஒன்றரை ஆண்டுக்கு மேல் ராப்பகலாகப் பிசகாமல் நீடித்து, அத்தனையையும் நீங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டினால்தான் இரைச்சலுக்குச் சமமாகத் தலைதூக்கும். உண்மையில் அந்தத் துடிப்பு தோன்றி மறையும் இயல்புடையது.

அதைக் கண்டது சீனாவின் குய்சோவ் மாகாணத்தில் மலைக்குழிக்குள் கட்டப்பட்டிருக்கும் ஃபாஸ்ட் தொலைநோக்கி. குறுக்களவு 500 மீட்டர். ஒரு நேரத்தில் 300 மீட்டர் பரப்பு வானத்தைக் குவிக்கிறது. ஒரு ஜான்ஸ்கி விழுந்தால் அதில் 16 கெல்வின் ஏறும். அதன் சொந்த இரைச்சல் 20 கெல்வின் அளவில்தான். உங்கள் டிஷ்ஷோடு ஒப்பிட்டால் உணர்திறன் பல லட்சம் மடங்கு. ஆகவே, உங்கள் திரையில் வெறும் கண்ணுக்கே துடிப்பு தெரிகிறது என்பதுதான் அது வானத்திலிருந்து வரவில்லை என்பதற்கு முதல் சாட்சி.

பிறகு அது என்ன? என் முதல் சந்தேகம் பக்கத்துக் கைபேசிக் கோபுரம். 2ஜி சமிக்ஞையில் 51 தரவுச் சட்டகங்கள் கொண்ட ஒரு சுற்று 235 மில்லிநொடிக்கு ஒரு தடவை திரும்ப வரும். அது நொடிக்கு 4.25 தடவை, நீங்கள் சொல்லும் நான்கைந்தோடு பொருந்துகிறது. 2ஜி வேறு அலைவரிசையில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். 1,400 முதல் 1,427 மெகாஹெர்ட்ஸ் வரை ரேடியோ வானியலுக்கென்றே உலக அளவில் ஒதுக்கிக் காக்கப்படுவதும் உண்மைதான். ஆனால் வலுவான சமிக்ஞை டாங்கிளைத் திணறவைத்தால் அது எந்த அலைவரிசையிலும் நிழலாகத் தெரியும். வீட்டு இன்வெர்ட்டர், எல்.இ.டி. விளக்கின் மின்சுற்று, மடிக்கணினி சார்ஜர் ஆகியவையும் சந்தேகப் பட்டியலில் உண்டு.

பெரிய நிலையங்களே இதில் பல ஆண்டுகள் அலைக்கழிந்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் அவ்வப்போது வந்த மர்மத் துடிப்புகள், நிலையத்தின் மைக்ரோவேவ் அடுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்ததால் வந்தவை என்று 2015இல்தான் தெரிந்தது.

ஆகவே சந்தேகத்தைச் சோதித்துத் தீருங்கள். டிஷ்ஷை எதிர்த் திசைக்குத் திருப்புங்கள். துடிப்பு நிற்கவில்லையென்றால் அது வானத்தினுடையது இல்லை. ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 50 ஓம் முனைத்தடையை மாட்டுங்கள். அப்போதும் இருந்தால் கோளாறு கருவிக்குள்ளேயே. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பேட்டரியில் மட்டும் கால்மணி நேரம் பதிவு செய்யுங்கள். இவற்றையெல்லாம் தாண்டியும் துடிப்பு இருந்தால் கடைசிச் சோதனை நேரம். டிஷ்ஷை அசைக்காமல் வையுங்கள். உங்கள் டிஷ் ஒரே சமயத்தில் பார்க்கும் வட்டம் ஏறக்குறைய 15 பாகை. வானத்துப் பொருள் எதுவும் அதை ஒரு மணி நேரத்தில் கடந்துவிடும். மறுநாள் அதே பொருள் நான்கு நிமிடம் முன்னதாக வரும். ஒரு வாரத்தில் கிட்டத்தட்ட அரை மணி. கைபேசிக் கோபுரத்துக்கு இந்தக் கணக்கு தெரியாது. 1967இல் கேம்பிரிட்ஜில் மாணவியாக இருந்த ஜோசலின் பெல், 1.34 நொடிக்கு ஒரு தடவை வந்த துடிப்பு விண்மீன்களின் நேரத்தையே பின்பற்றுவதைக் கவனித்துத்தான் அதை விடாமல் பிடித்துக்கொண்டார். முதல் பல்சார், அதாவது சுழன்றபடி துடிக்கும் நியூட்ரான் விண்மீன், அப்படித்தான் கிடைத்தது.

கருந்துளைக்கு வருவோம். கருந்துளைக்குத் திடமான மேற்பரப்பு இல்லை. பல்சாரைப்போல ஒரு புள்ளி ஒளிர்ந்து சுழன்று கலங்கரை விளக்காகத் துடிக்க அதில் ஒன்றுமே இல்லை. அப்படியிருக்க ஒழுங்கான துடிப்பு எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு கால அளவுக்கும் ஒவ்வொரு கடிகாரம் உண்டு. எந்தக் கடிகாரம் என்று கண்டுபிடிப்பதுதான் இந்தத் துறையின் வேலையே.

நாள் கணக்கில் வரும் துடிப்பு எளிது, அது சுற்றுப்பாதை. 1964இல் ராக்கெட்டில் அனுப்பிய கருவி கண்ட சிக்னஸ் எக்ஸ்-1ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சூரியனைப்போல் 21 மடங்கு நிறையுள்ள கருந்துளை ஒன்று, ஒரு நீலப் பெருவிண்மீனோடு 5.6 நாளுக்கு ஒரு சுற்று வருகிறது. அந்த விண்மீனிலிருந்து ஓயாமல் காற்று வீசுகிறது. கருந்துளை அதற்குப் பின்புறம் போகும்போது ரேடியோ அலை அந்தக் காற்றுக்குள் புகுந்து வரவேண்டியிருக்கிறது. வழியில் கொஞ்சம் உறிஞ்சப்படுகிறது. அதனால் 5.6 நாளுக்கு ஒரு முறை ஒளிர்வு இறங்குகிறது. மாதக் கணக்கில் வருவது பெரும்பாலும் தள்ளாட்டம். எஸ்.எஸ். 433 என்ற இரட்டை விண்மீனில் ஒளியின் வேகத்தில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேலான வேகத்தில் பீறிடும் தாரைகள், சாயும் பம்பரம்போல் 162 நாளுக்கு ஒரு வட்டம் போடுகின்றன.

நிமிடக் கணக்கில் வருவதுதான் என் மனதுக்கு மிகவும் நெருக்கமானது. 1992 ஆகஸ்டில் ரஷ்யாவின் கிரனாட் செயற்கைக்கோள் கண்டுபிடித்த உங்கள் ஜி.ஆர்.எஸ். 1915+105இல், இருபது முப்பது நிமிடத்துக்கு ஒரு முறை ரேடியோ ஒளிர்வு ஏறி இறங்குவதை 1990களில் கேம்பிரிட்ஜின் ரைல் தொலைநோக்கி பதிவு செய்தது. காரணம் 1997இல் தெளிந்தது. கருந்துளையைச் சுற்றும் வாயு வட்டின் உள்பகுதி சட்டென்று காலியாகிறது; எக்ஸ் கதிர் மங்குகிறது. பிறகு வட்டு மறுபடி நிரம்புகிறது. அந்த இடைவெளியில் ஒரு வாயுத் திரள் வெளியே வீசப்படுகிறது. அது விரியும்போது முதலில் அகச்சிவப்பில் ஒளிர்கிறது; இன்னும் விரிந்து ரேடியோ அலைக்கு வழிவிட்டதும், சில நிமிடம் கழித்து ரேடியோவில் ஒளிர்கிறது. ஒரே நிகழ்வு மூன்று தொலைநோக்கிகளில் மூன்று நேரத்தில் தெரிந்தது. கருந்துளை விழுங்குவதற்கும் உமிழ்வதற்கும் உள்ள தொடர்பை நேரில் பார்த்தது அதுவே முதல் தடவை.

இப்போது நீங்கள் படித்த ஐந்து துடிப்பு. ஃபாஸ்ட் அதை 2021 ஜனவரியிலும் 2022 ஜூனிலும் பார்த்தது, 2023இல் வெளியானது. நொடிக்கும் குறைவான இடைவெளியில் இப்படி ஒரு கருந்துளை ரேடியோவில் துடித்ததைக் கண்டது அதற்குமுன் இல்லை. இதில் உள்ள புதிரைக் கவனியுங்கள். ஒரு பொருள் முழுவதும் சேர்ந்து 0.2 நொடியில் ஏறி இறங்க வேண்டுமானால், அது ஒளி 0.2 நொடியில் போகும் தூரத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. அந்தத் தூரம் 60,000 கிலோமீட்டர். ஆனால் இதே கருந்துளையின் ரேடியோ தாரை, சென்டிமீட்டர் அலைகளில் பூமி–சூரியன் தூரத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல் நீளம் என்று கண்டம் தாண்டி இணைத்த தொலைநோக்கிகள் அளந்திருக்கின்றன. அதைக் கடக்க ஒளிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு பெரிய உடம்பு எப்படி அவ்வளவு வேகமாகத் துடிக்கும்?

இந்தத் துடிப்பு வட்டின் உள்விளிம்பு சுற்றும் வேகமும் இல்லை. அந்தச் சுற்று இன்னும் வேகமானது. இதே கருந்துளையின் எக்ஸ் கதிரில் 67 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 67 தடவை) அலைவு காணப்பட்டிருக்கிறது. ஆகவே பலரும் நினைப்பது இது: சுழலும் கருந்துளை தன்னைச் சுற்றியுள்ள வெளியையே இழுத்துச் சுழற்றுகிறது, அதனால் சாய்ந்திருக்கும் உள்வட்டும் தாரையின் அடிப்பகுதியும் தள்ளாடுகின்றன, தாரை நம்மை நோக்கித் திரும்பும்போது ஒளிர்வு கூடுகிறது. பொருள் சுருங்கி விரிய வேண்டியதில்லை, திசை மாறினால் போதும். 1918இல் லென்ஸும் திர்ரிங்கும் கணித்த விளைவு அது. எனக்கும் இந்த விளக்கமே பொருத்தமாகப் படுகிறது. ஆனால் வழக்கு முடிந்துவிடவில்லை.

இன்னொரு எச்சரிக்கை. துடிப்பு வானத்திலிருந்து வந்தாலும், அது கருந்துளையென்று அர்த்தமாகாது. எல்.எஸ்.ஐ. +61 303 என்ற இரட்டை விண்மீன், 26.5 நாளுக்கு ஒரு முறை ரேடியோவில் பொங்குவது நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தெரியும். உள்ளே இருப்பது கருந்துளையா, நியூட்ரான் விண்மீனா என்று நீண்ட விவாதம். 2022இல் அதே ஃபாஸ்ட் அதிலிருந்து 269 மில்லிநொடித் துடிப்பைப் பிரித்தெடுத்தது. உள்ளே இருந்தது பல்சார்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு: தரவு இலவசமாகக் கிடைக்கிறது. 1995 டிசம்பரில் ஏவி 2012 ஜனவரியில் நிறுத்திய ஆர்.எக்ஸ்.டி.இ. என்ற எக்ஸ் கதிர் செயற்கைக்கோள் இந்தக் கருந்துளையை ஆண்டுக்கணக்கில் பார்த்திருக்கிறது. எல்லாம் நாசாவின் ஹீசார்க் காப்பகத்தில் உள்ளன. பைத்தானில் ஸ்டிங்ரே என்ற நிரல்தொகுப்பை நிறுவி, ஒரு பதிவை இறக்கி, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு துடிப்பு என்று காட்டும் திறன் நிறமாலையை வரையுங்கள். அரை ஹெர்ட்ஸ் முதல் பத்து ஹெர்ட்ஸ் வரைக்குள் எங்கோ ஒரு குன்று எழும். ரேடியோவில் பார்த்த துடிப்புக்கு எக்ஸ் கதிரில் உள்ள உறவுக்காரர் அதுவே. ஊசிபோல இல்லாமல் குன்றுபோல இருப்பதால்தான் இதை ஏறத்தாழச் சீரான அலைவு என்கிறோம்.

அதற்குமுன் கை பழக சிக்னஸ் எக்ஸ்-3 என்ற இரட்டை விண்மீனை எடுங்கள். அதன் உள்ளே இருப்பது என்ன என்பது இன்னும் தீராத வழக்கு, ஆனால் 4.8 மணி நேரச் சுற்று மிக எடுப்பானது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2009 முதல் ஓடும் ஜப்பானின் மாக்சி என்ற எக்ஸ் கதிர்க் கருவி, சுற்றுக்கொரு முறை எடுத்த அளவுகளை அதன் தளத்தில் இறக்கிக்கொள்ளலாம். அளவுகள் சம இடைவெளியில் இருக்காது. எனவே சாதாரண ஃபூரியர் பகுப்பாய்வு வேண்டாம், லாம்ப்–ஸ்கார்கில் முறை வேண்டும். அதில் 92 நிமிடமும் சுமார் 70 நாளும் தலைகாட்டினால் ஏமாறாதீர்கள். முதலாவது விண்வெளி நிலையம் பூமியைச் சுற்றும் நேரம், இரண்டாவது அந்தப் பாதையின் தள்ளாட்டம். எதைக் கண்டாலும் தரவை இரண்டாகப் பிரித்து, இரு பாதியிலும் வருகிறதா என்று பாருங்கள். கருந்துளை இரைச்சலில் மூன்று நான்கு சுற்று அலை தற்செயலாகவே தெரியும்.

மொட்டைமாடி டிஷ்ஷைக் கழற்றிவிடாதீர்கள். அதற்கும் அதே திசையில் வேலை இருக்கிறது. ஜி.ஆர்.எஸ். 1915+105 நம் பால்வீதியின் தளத்திலேயே படிந்து கிடக்கிறது; அங்கே ஹைட்ரஜன் நிறைய. 1,420.4 மெகாஹெர்ட்ஸில் அந்த ஹைட்ரஜன் உங்கள் டிஷ்ஷில் பல பத்து கெல்வின் தரும். சில நிமிடச் சராசரியிலேயே திரையில் எழும். பால்வீதியின் சுழற்சியால் அது சில நூறு கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பரவியிருக்கும். அந்தக் கருந்துளையின் தூரத்தை 1990களில் மதிப்பிட்டதும், அதன் ரேடியோ ஒளியை வழியில் எந்தெந்த ஹைட்ரஜன் மேகங்கள் உறிஞ்சின என்று பார்த்துத்தான். எல்.என்.ஏ.வுக்கும் டாங்கிளுக்கும் நடுவில் 1,420 மெகாஹெர்ட்ஸ் வடிகட்டி ஒன்றைச் சேருங்கள், 2ஜியும் அடங்கும். பிறகு திருவோணத்துக்கு மேற்கே டிஷ்ஷைத் திருப்பி ஒரு மணி நேரம் பதிவு செய்து, ஏழு நாள் கழித்து அரை மணி முன்னதாக மறுபடி செய்து பார்த்து எனக்கு எழுதுங்கள்.