93 மாடல் கான்டசாவுக்கு எட்டு லட்சம் சொல்லலாமா?

அப்பாவின் கான்டசா கிளாசிக் (ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் பழைய கார்), 1.8 பெட்ரோல், தமிழ்நாட்டு நம்பர், கேரள எல்லைக்குள் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் நிற்கிறது. வேலைக்கே நாலு லட்சம் ஆகிவிட்டது, எட்டு சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்வதற்கென்ன, சொல்லலாம். வண்டி அங்கேயேதான் நிற்கும்.

அந்த நாலு லட்சம் நீங்கள் ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டதற்கான செலவு. வாங்குகிறவர் அதில் பாதியைக்கூடக் கணக்கில் எடுக்கமாட்டார். விளம்பரங்களில் இருப்பதும் கேட்கிற விலைதான், கைமாறிய விலை இல்லை. கைமாறியது தெரிய வேண்டுமென்றால் பொள்ளாச்சி, பாலக்காட்டில் பழைய வண்டிக்கு டிங்கரிங் பார்ப்பவர்களிடம் டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள்.

எல்லையில் இருக்கிற நமக்கு விலையை முதலில் வெட்டுவது ஆர்சி, அதாவது வண்டியின் பதிவுச் சான்று. பதினைந்து வருஷத்துக்குப் பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்திருக்க வேண்டும். 2025 ஆகஸ்டிலிருந்து இருபது வருஷம் தாண்டிய காருக்கு அந்தக் கட்டணமே 10,000 ரூபாய். பக்கத்துச் சித்தூர்க்காரர் (ஆந்திரா இல்லை, பாலக்காட்டுச் சித்தூர்) ஒருவர் வாங்கினால் என்ஓசி என்கிற தடையில்லாச் சான்று, கேரளப் பதிவு, வரி என்று அலைச்சல் அவருக்கு; அதை உங்கள் விலையில்தான் கழிப்பார். கோயம்புத்தூர் ஆளுக்குப் பெயர் மாற்றினால் போதும். அதனால் விளம்பரத்தை அந்தப் பக்கம் போடுங்கள். அப்புறம், 'விண்டேஜ்' என்று எழுத வேண்டாம். அந்தப் பதிவுக்கு ஐம்பது வருஷம் ஆகியிருக்க வேண்டும். கான்டசா வந்ததே 1984இல்.

அடுத்தது இன்ஜின். அமெரிக்காவில் 1964 பான்டியாக் ஜிடிஓ மாதிரி 325 குதிரைத்திறன் வண்டிக்கே, கம்பெனியில் போட்ட அதே இன்ஜின் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். நம்ம கான்டசாவுக்கு நூறுகூடக் கிடையாது, ஆனாலும் 'இந்தியாவின் மசில் கார்' (பெரிய இன்ஜின் போட்ட வேகமான அமெரிக்கக் கார்களுக்கான பெயர்) என்று தேடி வருபவர் கேட்பதும் அதேதான். ஒரிஜினல் இசுசு 1.8 இன்ஜின் இருந்து, நம்பர் ஆர்சியோடு ஒத்துப்போனால் உங்கள் கை ஓங்கும். பெட்ரோல் இன்ஜினைக் கழற்றி டீசல் இன்ஜினை ஏற்றி, ஆர்சியில் பெட்ரோல் என்றே விட்டிருந்தால் விவரம் தெரிந்தவர் அத்தோடு கிளம்பிவிடுவார். சேசிஸ் நம்பர்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்து ஆர்சி பக்கத்தில் வைத்துப் படம் போடுங்கள். பாலிஷ் அடித்த பத்துப் போட்டோவைவிட அது வேலை செய்யும்.

பாடியில் பெயிண்ட் பளபளப்பை யாரும் நம்புவதில்லை. கதவுக்குக் கீழே ஓரத்தில் காந்தம் வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டாமல் வழுக்கினால் உள்ளே தகடு இல்லை, ஓட்டையை அடைக்கப் பூசிய பட்டிதான். டிக்கி மேட்டைத் தூக்கித் தரையையும் பார்ப்பார்கள். நீங்களே முதலில் பார்த்துவிடுங்கள். ஒன்று உங்களுக்குச் சாதகம்: சித்தூர்ப் பக்கம் மழை குறைவு, கடல் காற்றும் இல்லை. கொச்சியிலோ கோழிக்கோட்டிலோ கிடந்த வண்டியைவிடத் தகடு தாங்கியிருக்கும். அதை விளம்பரத்தில் எழுதலாம்.

விலை போடுவது இப்படி. உதாரணத்துக்கு, குறையில்லாத வண்டி ஆறு லட்சத்துக்குக் கைமாறியது என்று தெரிய வருகிறது, உங்களுடையதை அந்த நிலைக்குக் கொண்டுவர ஒன்றரை ஆகும் என்று டிங்கர் சொல்கிறார். மீதி நாலரை. நாலே முக்கால் சொல்லுங்கள், நாலரைக்கு இறங்குங்கள். எட்டில் ஆரம்பித்துப் படிப்படியாக இறங்கினால், ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று புரோக்கர்களே பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு மாதத்தில் போனிலாவது யாரும் விசாரிக்கவில்லை என்றால் அந்த நாலே முக்காலும் அதிகம்.