கிளப் அளவிலான இருவர் மோதும் செஸ் ஆட்டத்தை எது முடிவு செய்கிறது?

ஓப்பனிங்கை, அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களை, நிறைய மனப்பாடம் செய்தவர்தான் ஜெயிப்பாரா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை என்றே சொல்வேன். இந்த அளவில் புள்ளிகள் கைமாறுவது பெரும்பாலும் கடைசியில், யானைகளும் சில சிப்பாய்களும் மட்டும் மிஞ்சும்போதுதான்.

நான் ஆடிய ஒரு ஆட்டத்தையே சொல்கிறேன். ஆளுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி கூடுதல். எதிராளியின் ரேட்டிங் என்னுடையதைவிட 100 அதிகம். ரேட்டிங்கை வைத்து யாருக்கு எவ்வளவு வாய்ப்பு என்று கணிக்கும் எலோ கணக்குப்படி அந்த இடைவெளியில் அவருக்கு நூறு ஆட்டங்களில் சுமார் 64 புள்ளி வரவேண்டும். இத்தாலியன் ஓப்பனிங், இருவருக்கும் பழகிய பாதை. நடு ஆட்டத்தில் அவர் அருமையாக அழுத்தி ஒரு சிப்பாயை வென்றார், காய்களை மாற்றிக்கொண்டே வந்தார். முடிவில் அவரிடம் ராஜா, யானை, நடுவில் ஒரு சிப்பாய். என்னிடம் ராஜாவும் யானையும் மட்டும்.

பார்க்கிறவர்களுக்குத் தோற்ற ஆட்டம் போலத் தெரியும். ஆனால் என் ராஜா சிப்பாயின் பாதையை மறித்து நின்றது. இதைக் காக்கும் வழியை பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோர் 18-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்துவிட்டார். நம் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில் யானையை வைத்துக் காத்திருக்க வேண்டும். எதிரி ராஜா அந்த வரிசைக்குள் நுழைய முடியாது. வேறு வழியின்றி சிப்பாயை அங்கே தள்ளுவார். தள்ளிய உடனே நம் யானை பலகையின் மறுகோடிக்குப் போய்ப் பின்னாலிருந்து செக் கொடுக்கத் தொடங்கும். சிப்பாய் முன்னே போய்விட்டதால் அவர் ராஜா ஒளிய அதன் முன்னால் இடம் இல்லை. அவசரப்பட்டு யானையை முன்கூட்டியே அந்த மறுகோடிக்குக் கொண்டுபோனாலும், பயந்து அதை நம் கடைசி வரிசையில் முடக்கினாலும், நடுச் சிப்பாய்க்கு எதிரே பிழைப்பது கடினம்.

அவர் சிப்பாயைத் தள்ளினார், நான் செக் கொடுத்துக்கொண்டே இருந்தேன், ஆட்டம் டிரா ஆனது. எலோவே அவருக்குச் சாதகமாகச் சொன்ன ஆட்டத்தில் அரைப் புள்ளி என் பக்கம் வந்தது, எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் ஒரு விஷயம், இதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே நிலை மூன்றாம் முறை வந்தால் டிரா கோரலாம், ஆனால் உங்கள் முறையில்தான். உங்கள் நகர்த்தலால் அது வருமென்றால், காயைத் தொடாமல் அந்த நகர்த்தலை ஸ்கோர் ஷீட்டில் எழுதி ஆர்பிட்டரிடம் (நடுவரிடம்) சொல்லுங்கள். காயை நகர்த்திக் கடிகாரத்தையும் அழுத்திவிட்டால் அந்த முறைக்கான உரிமை போய்விடும்.