குவார்ட்டர், போட்டி (ஆட்டுக்குடல்), ரத்தக் கொழுப்பு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

குன்னூர் பக்கம் ஒரு தோட்ட மருத்துவமனை ஆய்வகத்தில் இருபது வருஷத்துக்கு மேல் ரத்தம் எடுத்தவன் நான். டாக்டர் இல்லை. மாத்திரை பற்றிக் கேட்டவர்கள் டாக்டரிடமே போங்கள். மற்றதற்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பிராந்தியில் கொழுப்பே கிடையாது என்கிறார்கள். அப்புறம் எனக்கு ஏன் டிரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு 480? (கோத்தகிரி)

பிராந்தியில் இல்லைதான். தயாரிப்பது உங்கள் கல்லீரல். சரக்கு உள்ளே போனதும் மற்ற வேலையை ஓரம் கட்டிவிட்டு அதைத்தான் முதலில் எரிக்கும். எரிய வேண்டிய கொழுப்பு அப்படியே நிற்கும். கொஞ்சம் ரத்தத்தில் டிரைகிளிசரைடாக இறங்கும், மீதி கல்லீரலிலேயே படியும். 180 மில்லி குவார்ட்டரில் ஆல்கஹால் மட்டும் சுமார் 60 கிராம். கிராமுக்கு 7 கலோரி என்றால் 400க்கு மேல் ஆச்சு.

சம்பளம் போட்ட வாரம் முடிந்து திங்கட்கிழமை எடுக்கிற ரத்தத்தைப் பார்க்க வேண்டுமே! உறைந்த பிறகு மேலே தெளிகிற நீர் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். சிலருக்குப் பால் கலந்த மாதிரி வெள்ளையாக நிற்கும். டிரைகிளிசரைடு 150க்குள் இருப்பது நல்லது. 500ஐத் தாண்டினால் கணையம் வீங்கிப்போகும் பயம் உண்டு. நீங்கள் விளிம்பில் இருக்கிறீர்கள். நல்ல சேதி, குடியை நிறுத்திய சில வாரங்களிலேயே இது இறங்குவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

அண்ணா, வீட்டுக்காரர் தள்ளுவண்டியிலேயே போட்டி, ஈரல், ஆம்லெட் என்று முடித்துவிட்டு வருகிறார். வீட்டுச் சோற்றைத் தொடுவதில்லை. முட்டையை நிறுத்தச் சொல்லட்டுமா? (கூடலூர்)

முட்டையைக் குறை சொல்லாதீங்கம்மா, அது பாவம். ஈரலும் மூளையும் அடிக்கடி வேண்டாம்; 100 கிராம் ஆட்டு மூளையில் 1,000 மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்ட்ரால் உண்டு. என் கவலை வேறு. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய், அள்ளிப் போட்ட உப்பு, கூடவே ஊறுகாய். காலையில் டீயும் டால்டா வர்க்கியும், நாள் முழுக்கத் தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து வேலை, ராத்திரி இது. கீரையும் பருப்பும் எந்த நேரத்தில் வயிற்றுக்குள் போகும்? வேகவைத்த கடலையோ கொள்ளுச் சுண்டலோ கொடுத்தனுப்பினால் வண்டிக் கடைச் செலவாவது மிச்சம். ஆனால் சுண்டல் சாப்பிட்டதால் சரக்கின் கெடுதல் போய்விடாது.

குளிருக்கு ஒரு கட்டிங் நல்லதுதானே?

தோலுக்கு மட்டும் சூடு. ரத்தக்குழாய் விரிந்து உள்ளே இருக்கிற சூடு வெளியே போய்விடும். கம்பளியே மேல்.

எனக்கு நல்ல கொழுப்பு 62. குடியால்தான் ஏறியது என்கிறார் நண்பர். (குன்னூர்)

ஏறும், பொய்யில்லை. அந்த ஏற்றம் இதயத்தைக் காப்பாற்றும் என்று மட்டும் நம்ப வேண்டாம். அதே குடி பிரஷரையும் ஏற்றும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது.

டாக்டரிடம் வாரம் ஒன்று என்று சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையைச் சொல்லியே ஆக வேண்டுமா?

ஆக வேண்டும். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு வரை போகலாம். அதற்குத் தகுந்த வைத்தியம் வேண்டும். சரியான கணக்கு தெரியவில்லையா? காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்ற திட்டம் 2022இல் நம் நீலகிரி மாவட்டத்தில் வந்ததே. வீட்டில் சேர்த்து வைத்த சாக்கை அவிழ்த்து எண்ணிப் பாருங்கள்.