சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று மட்டும் கேட்கிறது, புல்வெட்டி வண்டி ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை?

உட்கார்ந்து ஓட்டும் லான் மோவரில் அந்த 'டிக்' சத்தம் சோலனாய்டு போடுவது. சோலனாய்டு என்பது சாவியிலிருந்து வரும் சின்ன மின்னோட்டத்தை வைத்து, பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் பெரிய மின்னோட்டத்தைத் திறந்துவிடும் ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். ஏரி மதகு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மதகு திறக்கிற சத்தம் கேட்கிறது, ஆனால் ஏரியில் தண்ணீர் இல்லை அல்லது வாய்க்கால் அடைத்திருக்கிறது.

பெரும்பாலும் ஏரிதான் வறண்டிருக்கும். அமெரிக்கா, கனடா மாதிரி இடங்களில் பனிக்காலம் முழுக்க வண்டி கொட்டகையில் சும்மா கிடக்கும், பேட்டரி தானாகவே இறங்கிவிடும். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் போடுங்கள். அப்புறம் பேட்டரியில் வயர் மாட்டும் முனையில் (டெர்மினலில்) வெள்ளையாகப் பூத்திருப்பதைச் சுரண்டி, பேட்டரியிலிருந்து வண்டியின் இரும்புச் சட்டத்துக்குப் போகும் எர்த் வயரையும் இறுக்குங்கள். இதெல்லாம் சரியாக இருந்தும் வெறும் 'டிக்'தான் என்றால் சோலனாய்டையோ ஸ்டார்ட்டரையோ சந்தேகப்படலாம். சத்தமே வரவில்லையா? ஃபியூஸ், சீட்டுக்கு அடியில் உள்ள பாதுகாப்பு சுவிட்ச், பிரேக் பெடல், பிளேடு சுவிட்ச் இவற்றைப் பாருங்கள்.

ஹெட்லைட் எரிகிறதே, பேட்டரி நன்றாகத்தானே இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். விளக்குக்குக் கொஞ்சம் மின்னோட்டம் போதும், ஸ்டார்ட்டருக்கு அதைப்போல் பல மடங்கு வேண்டும்.