மருத்துவர் பதில்கள்: அழாத பிள்ளைக்கு ஏன் முதலிடம்?

கேள்வி: என் மகள் வழிப் பேரனுக்கு வயது ஒன்றரை. சளியும் காய்ச்சலுமாக இருந்தவனை ஓர் இரவு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். எங்களுக்கு முன்பே நெற்றி கிழிந்து, ஊரைக் கூட்டி அழுதுகொண்டு ஒரு பிள்ளை காத்திருந்தான். ஆனால் வாசலில் நின்ற செவிலியர், மகளின் தோளில் சாய்ந்து கிடந்த பேரனின் சட்டையைத் தூக்கிப் பார்த்த மறுகணமே, ஓ.பி. சீட்டுக்கூடக் கேட்காமல் உள்ளே கொண்டுபோய் ஆக்சிஜன் வைத்துவிட்டார். அந்தப் பிள்ளையின் தாய் எங்களைப் பார்த்த பார்வை இன்னும் உறுத்துகிறது. எதை வைத்து அவர் முடிவு செய்தார்?
- ஒரு வாசகி, முக்கூடல்

பதில்: உறுத்த வேண்டியதில்லை அம்மா, அந்தச் செவிலியர் செய்தது சரியே. குழந்தைகளுக்கான அவசரப் பிரிவில் முன்னால் வந்தவருக்கு முன்னால் வைத்தியம் என்ற கணக்கு கிடையாது. பிள்ளையின் நோக்கும் அசைவும், மூச்சு விட அது படும் பாடு, தோலின் நிறம் ஆகிய மூன்றையும் தொடுவதற்கு முன்பே கண்ணால் அளந்துவிட அங்குள்ளவர்கள் பழகியிருப்பார்கள். ஓங்கி அழுகிற பிள்ளைக்கு மூச்சுப்பாதை அடைபடவில்லை என்பதை அந்த அழுகையே சொல்லிவிடுகிறது. காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு தையலுக்குச் சற்றுக் காத்திருக்கலாம். அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டு கிடக்கும் பிள்ளைக்கு அந்த அவகாசம் இல்லை.

சட்டையைத் தூக்கியது நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பகுதியைப் பார்ப்பதற்காக. மூச்சை உள்ளே இழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழே பள்ளம் விழுந்தாலோ, மூக்குத் துவாரம் விடைத்தாலோ, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகல் கேட்டாலோ பிள்ளை சோர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். நாக்கும் உதட்டின் உட்புறமும் நீலம் பூத்திருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது.

மூச்சை வீட்டிலேயே எண்ணலாம். பிள்ளை அழாமல் மடியில் இருக்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்குத் தப்பும். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயது வரை 50, அதற்குமேல் ஐந்து வயது வரை 40, இந்த எண்ணிக்கையைத் தொட்டாலே அது வேக மூச்சு. என்னிடம் வரும் பெற்றோர் பலர் காய்ச்சல் எத்தனை டிகிரி என்பதைத் தசமப் புள்ளியோடு சொல்வார்கள். மூச்சை எண்ணினீர்களா என்றால் விழிப்பார்கள்.

பால் குடிக்க மறுத்தாலும், குடித்ததையெல்லாம் கக்கினாலும், தட்டி எழுப்பியும் கண் திறக்காவிட்டாலும் விடியட்டும் என்று இருக்க வேண்டாம். மூச்சு இழுக்கும் பிள்ளையை மட்டமாகப் படுக்க வைக்காமல், அதற்கு எப்படி இருந்தால் மூச்சு சௌகரியமோ அப்படியே தாய் மடியில் வைத்திருங்கள். இருவருக்கு நடுவே போர்த்தி மோட்டார் சைக்கிளில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு விரைவதைவிட 108-ஐ அழைப்பது மேல். வண்டியிலேயே ஆக்சிஜன் உண்டு. சளி இறங்கும் என்று மூக்கில் எண்ணெய் விடும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி வேறொரு நிமோனியாவைக் கொண்டுவரும்.

கேள்வி: காய்ச்சலில் ஜன்னி வந்தால் கையில் சாவிக்கொத்தைக் கொடுக்கச் சொல்கிறார்களே, பயன் உண்டா?
- ஒரு வாசகர், களக்காடு

பதில்: இல்லை. கையில் கொடுப்பதால் பெரிய கெடுதலும் இல்லை. வாயில் திணிப்பதுதான் பல்லை உடைக்கும், மூச்சை அடைக்கும். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, மணியைப் பாருங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை காய்ச்சலோடு வரும் வலிப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே அடங்கிவிடும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108. அடங்கிவிட்டாலும் முதல் வலிப்பு என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பிள்ளை நன்றாக விழித்து ஆளை அடையாளம் காணும் வரை ஒரு சங்கு தண்ணீர்கூடப் புகட்டக் கூடாது.