பவர்லைன் மோடத்தின் சீரியல் போர்ட் வேகத்தைக் கட்டளை வரியிலிருந்து மாற்றுவது எப்படி? 115200 என்று கொடுத்தால் குப்பை எழுத்துகள் வருகின்றன

உங்கள் கேள்வியில் இருந்து நான் புரிந்துகொண்டது இது: மின்கம்பி வழியாகத் தரவு அனுப்பும் பவர்லைன் வலையமைப்புச் சாதனம் ஒன்று யுஎஸ்பி சீரியல் கம்பி வழியாக உங்கள் லினக்ஸ் கணினியில் இணைக்கப்பட்டுள்ளது. 9600 வேகத்தில் (விநாடிக்கு 9600 பிட்) அது ஏடி கட்டளைகளுக்கு, அதாவது ஏடி என்ற எழுத்துகளில் தொடங்கும் மோடம் ஆணைகளுக்கு, ஒழுங்காகப் பதில் தந்தது. போர்ட்டின் அமைப்புகளை மாற்றும் எஸ்டிடிஒய் கட்டளையால் வேகத்தை 115200 ஆக்கிய பிறகு திரையில் குப்பை எழுத்துகளே வருகின்றன. கட்டளை வேலை செய்யவில்லை என்று நினைக்கிறீர்கள். அது சரியாகவே வேலை செய்திருக்கிறது. ஆனால் அது மாற்றியது உங்கள் கணினியின் முனையை மட்டுமே. மறுமுனையில் உள்ள மோடம் இன்னும் 9600 வேகத்திலேயே பேசிக்கொண்டிருக்கிறது. சீரியல் கம்பியில் இரு முனைகளும் தாமாகக் கூடிப் பேசி ஒரு வேகத்துக்கு உடன்படும் ஏற்பாடு கிடையாது. ஈதர்நெட்டில் அந்த ஏற்பாடு இருப்பதால், அதில் பழகியவர்களுக்கு இந்த இடத்தில் தடுமாற்றம் வருவது இயல்பு.

முதலில், உங்கள் கையில் இருப்பது எந்த வகைச் சீரியல் போர்ட் என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். கடைகளில் விற்கும் சாதாரண பவர்லைன் அடாப்டரில் பயனருக்கென்று சீரியல் போர்ட் எதுவும் இல்லை. அதன் அமைப்புகளை ஈதர்நெட் வழியாக, 88இ1 என்ற ஈதர்டைப் எண் (வகையைச் சொல்லும் எண்) கொண்ட மேலாண்மைச் சட்டகங்கள் என்ற தரவுப் பொதிகளால்தான் மாற்ற வேண்டும். குவால்காம் ஏதராஸ் வெளியிட்ட ஓப்பன் பிஎல்சி யூட்டில்ஸ் தொகுப்பில் உள்ள பிஎல்சிடூல் போன்ற நிரல்கள் செய்வது அதைத்தான். வைஃபையும் சேர்ந்து வரும் சில அடாப்டர்களின் பலகையில் நான்கு ஊசித் துளைகள் இருக்கும். அவை பெரும்பாலும் வைஃபை சில்லில் ஓடும் லினக்ஸின் கன்சோல். அங்கே எந்த வேகத்தை மாற்றினாலும் பவர்லைன் சில்லுக்கு அது தெரியப்போவதில்லை. மூன்றாவது வகையில் பவர்லைன் சில்லே யுஆர்ட் என்ற சீரியல் முனை வழியாக வெளியே பேசுகிறது. இன்டெல்லன் நிறுவனத்தின் ஐஎன்டி6000 வரிசையிலும், அந்நிறுவனத்தை ஏதராஸ் 2009-இலும் ஏதராஸைக் குவால்காம் 2011-இலும் வாங்கிய பிறகு வந்த க்யூசிஏ7000 சில்லிலும் இந்த வசதி உண்டு. உங்கள் சாதனம் ஏடி கட்டளைகளுக்குப் பதில் தருவதாக எழுதியிருப்பதால், அது மூன்றாவது வகை என்று எடுத்துக்கொள்கிறேன்.

கணினியின் பக்கத்தை முதலில் சீராக்க வேண்டும். சீரியல் போர்ட்டைப் பயன்படுத்த உரிமையுள்ள டயல்அவுட் குழுவில் உங்கள் பயனர் பெயர் இல்லாவிட்டால் டெபியன், உபுண்டு போன்றவற்றில் போர்ட்டைத் திறக்கவே அனுமதி கிடைக்காது. போர்ட்டின் பெயராக டிடிஒய்யுஎஸ்பி0 என்பதை ஸ்கிரிப்டில் எழுதாதீர்கள். இன்னொரு யுஎஸ்பி கம்பியைச் செருகினால் எண் மாறிவிடும். டெவ் அடைவுக்குள் சீரியல் என்ற அடைவும், அதற்குள் பை-ஐடி என்ற அடைவும் உள்ளன. அங்கிருக்கும் நீளமான பெயர், கம்பியின் வரிசை எண்ணோடு சேர்ந்து வருவதால் நிலையாக இருக்கும். அடுத்தது மோடம்மேனேஜர். டெஸ்க்டாப் லினக்ஸ்களில் பின்னணியில் ஓடும் இந்தச் சேவை, புதிய சீரியல் போர்ட்டைக் கண்டால் அது செல்பேசி மோடமாக இருக்கலாம் என்ற ஐயத்தில் ஏடி கட்டளைகளைத் தானே அனுப்பிப் பார்க்கும். உங்கள் சாதனமும் ஏடி மொழி பேசுவதால், நீங்கள் கேட்காத கேள்விகளுக்கு அது பதில் சொல்லிக்கொண்டிருக்கும். சோதனை முடியும் வரையாவது அந்தச் சேவையை நிறுத்தி வைப்பது நல்லது.

அதன் பிறகு எஸ்டிடிஒய். லினக்ஸில் பெரிய எஃப் விருப்பத்தோடும், மேக், பிஎஸ்டி ஆகியவற்றில் சிறிய எஃப் விருப்பத்தோடும் போர்ட்டின் பெயரைக் கொடுக்க வேண்டும். வேகத்தை மட்டும் கொடுத்து நிறுத்திவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் குறை. புதிதாகத் திறக்கும் சீரியல் போர்ட்டை லினக்ஸ் ஒரு மனிதர் அமர்ந்திருக்கும் முனையமாகவே கருதுகிறது: வரும் எழுத்துகளை வரி வரியாகச் சேர்த்து வைக்கும், சிலவற்றை மாற்றும், வந்த எழுத்தைத் திருப்பியும் அனுப்பும். இந்த எக்கோ ஒன்றே போதும் ஒரு நாள் முழுவதையும் வீணாக்க. மோடம் அனுப்பும் பதிலை உங்கள் கணினி அப்படியே திருப்பி அனுப்ப, மோடம் அதைப் புதிய கட்டளையாக எடுத்துக்கொண்டு பிழைச் செய்தி அனுப்ப, அந்தப் பிழைச் செய்தியும் திரும்பிப் போக, இரண்டும் முடிவில்லாமல் ஒன்றையொன்று அழைத்துக்கொண்டிருக்கும். எனவே ரா என்ற சொல்லைக் கொடுத்து இந்த மாற்றங்களை அணைத்து, எக்கோவைக் கழித்தல் குறியோடு தனியாகவும் அணைத்து, எட்டுத் தரவு பிட், பாரிட்டி என்ற பிழை சரிபார்ப்பு பிட் இல்லை, ஒரு ஸ்டாப் பிட் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். எக்ஸ்ஆன், எக்ஸ்ஆஃப் என்ற மென்பொருள் வழி ஃப்ளோ கண்ட்ரோலையும் (தரவு ஓட்டத்தை நிறுத்தித் தொடரும் ஏற்பாடு) இரு திசையிலும் அணைக்க வேண்டும். அது 17, 19 என்ற இரண்டு பைட் மதிப்புகளைத் தனக்கென்று எடுத்துக்கொள்வதால், வலையமைப்புத் தரவில் தற்செயலாக 19 வந்தாலே ஓட்டம் நின்றுபோகும்.

இன்னொரு சிறிய கண்ணி வரி முடிவு. ஷெல்லின் எக்கோ கட்டளையால் ஏடி என்று அனுப்பினால் அதன் கடைசியில் 10 என்ற பைட் போகிறது. மோடம் எதிர்பார்ப்பதோ 13. முன்பு முனைய நிலையில் இருந்தபோது கர்னல் 10-ஐ 13, 10 என்ற இணையாக மாற்றி அனுப்பியதால் மோடம் பதில் தந்திருக்கும். ரா நிலைக்கு மாறியதும் அந்த உதவி நின்றுவிடும், மோடமும் மௌனமாகிவிடும். அமைப்பைச் சரிசெய்த பிறகு நிலைமை மோசமாகிவிட்டது என்று பலர் எண்ணுவது இதனால்தான். பிரிண்ட்எஃப் கட்டளையில் பின்சாய்வுக் கோடும் ஆர் எழுத்தும் சேர்த்து அனுப்புங்கள்.

இப்போது மோடத்தின் பக்கம். இத்தகைய சாதனத்துக்கு இரண்டு நிலைகள் உண்டு. கட்டளை நிலையில் நீங்கள் அனுப்புவது சாதனத்துக்கான ஆணை. ஊடுருவு நிலையில் நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு பைட்டும் மின்கம்பி வழியாக மறுமுனைச் சாதனத்துக்குப் போகும். ஏடிஓ என்ற கட்டளை ஊடுருவு நிலைக்கு அழைத்துச் செல்லும். மூன்று கூட்டல் குறிகள் கட்டளை நிலைக்குத் திருப்பிக் கொண்டுவரும். ஹேய்ஸ் நிறுவனம் 1981-இல் ஸ்மார்ட்மோடத்தோடு கொண்டுவந்த வழக்கம் இது. ஹேய்ஸ் முறையில் அந்த மூன்று குறிகளுக்கு முன்னும் பின்னும் ஏறத்தாழ ஒரு விநாடி அமைதி தேவை. அந்த அமைதி நேரத்துக்கு ஹேய்ஸ் 1985-இல் காப்புரிமை பெற்றுவிட்டதால், வேறு சில நிறுவனங்கள் அது தேவைப்படாத மோடங்களைச் செய்தன என்பது தனிக் கதை. உங்கள் சாதனம் எந்த வகை என்பதை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அமைதி தேவைப்படும் வகையென்றால் ஸ்கிரிப்டில் உறக்கக் கட்டளை இல்லாமல் கூட்டல் குறிகளை அனுப்புவது பயனற்றது. தேவைப்படாத வகையென்றால் தரவுக்குள் மூன்று கூட்டல் குறிகள் வந்தாலே தரவு ஓட்டம் நின்று சாதனம் கட்டளை நிலைக்கு விழும்.

வேகத்தை மாற்றும் ஒழுங்கு இதுதான். பழைய வேகத்தில் போர்ட்டைத் திறந்து, கட்டளை நிலைக்கு வந்து, வெறும் ஏடி அனுப்பி ஓகே பெறுங்கள். அது கிடைக்காமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம். பிறகு வேகத்தை மாற்றும் ஆணையைப் பழைய வேகத்திலேயே அனுப்புங்கள். அதற்கான ஓகே பழைய வேகத்தில் வருமா, புதிய வேகத்தில் வருமா என்பது சாதனத்துக்குச் சாதனம் மாறுபடும். ஆகவே அந்த ஒரு பதிலை நம்பி ஸ்கிரிப்ட் எழுதாதீர்கள். சிறிது நேரம் விட்டு, எஸ்டிடிஒய் கொண்டு உங்கள் முனையைப் புதிய வேகத்துக்கு மாற்றி, மீண்டும் ஏடி அனுப்பி ஓகே வருகிறதா என்று பாருங்கள். அது வந்த பின்னரே அமைப்பை நிலை நினைவகத்தில் எழுதும் ஆணையைக் கொடுங்கள். இந்த வரிசையைக் கடைப்பிடித்தால், நடுவில் ஏதேனும் பிசகினாலும் மின்சாரத்தை நிறுத்திப் போட்டதும் சாதனம் பழைய வேகத்தோடு எழுந்துவிடும். வேகத்தை மாற்றும் ஆணையே நேராக நிலை நினைவகத்தில் எழுதிவிடும் சாதனங்களும் உண்டு. அவற்றில் இந்தப் பாதுகாப்பு இல்லை.

ஐஎன்டி6000 வரிசைக்கு, நான் மேலே சொன்ன ஓப்பன் பிஎல்சி யூட்டில்ஸ் தொகுப்பிலேயே ஐஎன்டி6கேயுஆர்ட் என்ற நிரல் இருக்கிறது. ஏடி கட்டளைகளைக் கையால் தட்டுவதற்குப் பதிலாக அதையே பயன்படுத்துவது என் பரிந்துரை. விருப்பங்களின் பட்டியலைப் பெற, கழித்தல் குறியோடு கேள்விக்குறியைக் கொடுத்தால் போதும். அந்தத் தொகுப்பின் எல்லா நிரல்களுக்கும் இந்த வழக்கம் பொது.

இந்த ஆணைகள் அனைத்தையும் தனித்தனியாக ஓட்டாமல், போர்ட்டை ஒரே ஸ்கிரிப்டில் ஒரு கோப்பு விவரிப்பு எண்ணோடு திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஒவ்வொரு முறை போர்ட் மூடப்படும்போதும், கணினி தயார் என்று காட்டும் டிடிஆர் கம்பி கீழிறங்கும். சில பலகைகள் அதையே மீட்டமைப்புக் குறியாக எடுத்துக்கொள்ளும். மேக் கணினியிலோ, போர்ட் மூடப்பட்டதும் எஸ்டிடிஒய் செய்த மாற்றங்களே மறைந்துவிடும். விண்டோஸில் இதே வேலையை மோட் என்ற கட்டளை செய்கிறது. அங்கும் அது மாற்றுவது கணினியின் முனையை மட்டும்தான்.

வேகத்தை உயர்த்துவது அவசியமா என்று கேட்டால், வலையமைப்புச் சட்டகங்களை அனுப்புவதாக இருந்தால் அவசியம் என்பேன். ஒரு பைட்டுக்குத் தொடக்க பிட்டும் ஸ்டாப் பிட்டும் சேர்த்துப் பத்து பிட்கள் ஆகின்றன. ஆகவே 9600 வேகத்தில் விநாடிக்கு 960 பைட், 115200 வேகத்தில் 11520 பைட் மட்டுமே போகும். முழு அளவிலான ஓர் ஈதர்நெட் சட்டகம் 9600 வேகத்தில் ஏறத்தாழ 1.6 விநாடி எடுக்கும். 115200 வேகத்தில் 0.13 விநாடி. மின்கம்பிப் பக்கத்திலோ, பவர்லைன் வலையமைப்புத் தரங்களில் ஹோம்பிளக் ஏவி தரத்தின் உச்ச வேகம் 200 மெகாபிட், கிரீன் பிஎச்ஒய் தரத்தின் உச்ச வேகம் 10 மெகாபிட். அகன்ற பக்கத்திலிருந்து வந்து குவியும் தரவு இந்தக் குறுகிய சீரியல் கம்பிக்காகச் சாதனத்தின் நினைவகத்தில் காத்திருக்க வேண்டும்; அந்த நினைவகம் நிறைந்தால் தரவு இழப்பு நிச்சயம். எதிர்த்திசையில் உங்கள் கணினி அனுப்புவதைச் சாதனம் தடுத்து நிறுத்த ஆர்டிஎஸ், சிடிஎஸ் கம்பிகள் உதவும். ஆனால் எஸ்டிடிஒய்யில் அந்த வசதியை இயக்கும் முன், உங்கள் கம்பியில் அவ்விரண்டும் உண்மையில் இணைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். மூன்று கம்பி இணைப்பில் அதை இயக்கினால், சிடிஎஸ் வராமல் ஒரு பைட்கூட வெளியே போகாமல் நிற்கலாம்.

115200-க்கு மேலே போக விரும்பினால் கடிகாரக் கணக்கையும் பார்க்க வேண்டும். பழைய 16550 வகைப் போர்ட் 1.8432 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை 16-ஆலும், பின்னர் ஒரு முழு எண்ணாலும் வகுக்கிறது. வகு எண் 12 என்றால் 9600. வகு எண் 1 என்றால் 115200. அதற்கு மேல் அந்தக் கடிகாரத்தில் வழியில்லை. யுஎஸ்பி மாற்றிகளில் இந்தத் தடை இல்லை என்றாலும், இரு முனைகளின் வேக வேறுபாடு ஏறத்தாழ 5 விழுக்காட்டை நெருங்கினால் பத்தாவது பிட் தவறாகப் படிக்கப்படும். 2 விழுக்காட்டுக்குள் இருப்பது பாதுகாப்பு.

உங்கள் சாதனம் யுஎஸ்பி கம்பியில் இல்லாமல், பலகையிலேயே க்யூசிஏ7000 சில்லாக இருந்தால் மேலே சொன்ன எஸ்டிடிஒய் எதுவும் பயன்படாது. மின்வாகன மின்னேற்றிகளில் காரோடு பேசும் பகுதியில் இந்தச் சில்லைக் காணலாம். அது சில்லுகளுக்கிடையிலான எஸ்பிஐ இணைப்பு வழியாகப் பேசுமா, யுஆர்ட் வழியாகப் பேசுமா என்பதை அதனுள் பதிந்த மென்பொருளான ஃபர்ம்வேரே தீர்மானிக்கிறது. யுஆர்ட் வழியென்றால் லினக்ஸ் கர்னலின் க்யூசிஏயுஆர்ட் இயக்கி அந்தப் போர்ட்டைத் தானே எடுத்துக்கொண்டு அதை வலையமைப்பு இடைமுகமாகக் காட்டும். டிடிஒய் பெயர் எதுவும் வெளியே தெரியாது. வேகத்தை, பலகையின் வன்பொருளைக் கர்னலுக்கு விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் கரன்ட்-ஸ்பீட் என்ற பண்பில் எழுத வேண்டும், எழுதாவிட்டால் 115200. ஒவ்வொரு சட்டகத்தின் முன்னும் ஏஏ என்ற பதினாறடிமான மதிப்பு நான்கு முறையும், பின்னால் 55 இரு முறையும் போகும். அலைக்காட்டியிலோ லாஜிக் அனலைசரிலோ இவற்றைப் பார்க்க முடிந்தால் வேகம் பொருந்திவிட்டது என்று கொள்ளலாம்.

மாற்றிய பிறகு ஓகே வந்ததோடு சோதனையை முடிக்க வேண்டாம். ஏடி, ஓகே எல்லாம் ஏழு பிட்டுக்குள் அடங்கும் எழுத்துகள். அவை சரியாக வந்தாலும், 17, 19 போன்ற கட்டுப்பாட்டு மதிப்புகளும் எட்டாவது பிட்டும் தேவைப்படும் மதிப்புகளும் சிதையாமல் போகும் என்பதற்கு உறுதி இல்லை. 0 முதல் 255 வரை எல்லா மதிப்புகளும் உள்ள கோப்பு ஒன்றை ஊடுருவு நிலையில் மறுமுனைக்கு அனுப்பி, இரு பக்கமும் சரிபார்ப்புக் கூட்டுத்தொகையை ஒப்பிடுங்கள். பைட்கள் மாறி வந்தால் வேகமோ பாரிட்டியோ பொருந்தவில்லை. சில மதிப்புகள் மட்டும் காணாமல் போனால் ரா நிலை முழுமையாக இல்லை. தொடக்கம் சரியாக இருந்து நடுவில் துண்டு துண்டாகக் காணாமல் போனால் ஃப்ளோ கண்ட்ரோல் இல்லை.

சாதனம் எந்த வேகத்தில் இருக்கிறது என்றே தெரியாத நிலைக்குப் போய்விட்டால், 1200 முதல் 115200 வரை வழக்கமான வேகங்களில் ஒவ்வொன்றாக ஏடி அனுப்பிப் பார்க்கும் சிறு ஸ்கிரிப்டே போதும். அதற்கும் பதில் இல்லையென்றால் பவர்லைன் பக்கம் இன்னொரு வழி திறந்திருக்கிறது. அதே மின்கம்பி வலையமைப்பில், அதே கடவுச்சாவியோடு இன்னோர் அடாப்டரை இணைத்து, அதன் ஈதர்நெட் பக்கத்திலிருந்து உங்கள் சாதனத்தின் வன்பொருள் முகவரிக்கு (மேக் முகவரி) மேலாண்மைச் சட்டகம் அனுப்புங்கள். சீரியல் பக்கம் ஊமையாக இருந்தாலும் சாதனம் அங்கே தன் ஃபர்ம்வேர் பதிப்பைச் சொல்லும்; ஃபர்ம்வேர் தொலைவிலிருந்து அனுமதித்தால் தொழிற்சாலை அமைப்புக்கும் திரும்பும். அதன் பிறகு சீரியல் வேகம் கையேட்டில் அச்சிட்டிருக்கும் இயல்பு மதிப்புக்கு வந்திருக்கும். அங்கிருந்து மேலே சொன்ன வரிசையைத் தொடங்கலாம்.